கருவுற்ற காலத்து நமைச்சல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இம்மேடைமீது நாம் ஏறுவது இதுவே முதல் தடவை. இதுநாள்வரை நாற்காலி அடுக்குவதும், பந்தியிலே சாம்பார் வாளி தூக்குவதுமே எமக்கு வாய்த்த தொண்டுகள். இவ்வாண்டு செயலாளர் அவர்கள், "நீங்களும் ஏதாவது பேசத்தான் வேண்டும்" என்று பிடித்துக்கொண்டார். இலக்கியம் பேச எம்மினும் வல்லார் பலர் இங்கே உளர். நாமோ மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்தி, சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் குமாஸ்தா. எதைப் பேசுவதென்று இல்லத்தில் கலந்தபோது எம் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஊறலைப் பற்றிப் பேசுங்கள்."

தயங்கினோம். கருவுற்ற பெண்களுக்கு உண்டாகும் நமைச்சலைப் பற்றி ஓர் ஆண்மகன் சபையில் பேசுவது முறையாகுமா என்றோம். "இரவெல்லாம் ஈரத்துணி பிழிந்து போட்டவர் நீங்கள்தானே? பேசலாம்" என்றார். அவர் இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். நாம் பிழையாகச் சொன்னால் திருத்துவார். மருத்துவச் செய்திகளை, எங்களுக்கு வைத்தியம் பார்த்த அம்மையாரிடம் கேட்டும், பின்னர் படித்தும் அறிந்தவாறே கூறுகிறோம்.

தமிழிலே இந்த உபாதைக்குப் பெயர்கள் பல. ஊறல் என்போம், அரிப்பு என்போம், நமைச்சல் என்போம், தினவு என்றும் சொல்வோம். கொசுக்கடிக்கு வருவது எது, வியர்க்குருவுக்கு வருவது எது, படர்தாமரைக்கு வருவது எது என்று நம் பாட்டிமார் கேட்ட மாத்திரத்தில் பிரித்துச் சொல்வர். இட்டார்சிக்கு வந்து சேர்ந்தபின் இவை எல்லாவற்றிற்குமாக எங்களுக்குக் கிடைத்த சொல் ஒன்றே ஒன்று. 'குஜ்லி' என்பது அது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லுகிறோம்.

2010ஆம் ஆண்டு. மணமாகி இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. தலைச்சன் கர்ப்பம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கிப் பார்த்தாயிற்று. முதற் பிரசவத்திற்குப் பிறந்தகம் அனுப்புவதே நம்மவர் வழக்கம். ஆயின் எம் மாமியார் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டமையால், எம் அன்னையாரே ஜி.டி. எக்ஸ்பிரஸில் இங்கு வந்து சேர்ந்தார்கள். அது மே மாதம். இட்டார்சி வெயிலை உங்களுக்கு நாம் வருணிக்க வேண்டியதில்லை; பகலில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும்.

எட்டாம் மாதத்தில் ஊறல் தொடங்கிற்று. முதலில் உள்ளங்கை, இரண்டொரு நாளில் உள்ளங்கால். பகலில் வேலையோடு வேலையாகப் பொறுத்துக்கொள்வார். இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் அது தன் வேலையைக் காட்டும். குவார்ட்டர்ஸின் சிமெண்டுத் தரையில் உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வழன்று போயிற்று. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால், சமையலறையில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கும் நாரால் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவுக்கும் தோலிலே ஒரு தடிப்பில்லை, ஒரு கொப்புளமில்லை. அவரே சொறிந்த கோடுகள் மட்டுமே இருந்தன.

"வயிற்றுப் பிள்ளைக்கு முடி முளைக்கிறதம்மா, அதுதான் ஊறுகிறது" என்றார்கள் எம் அன்னையார். உஷ்ணம் என்றனர் அண்டை வீட்டார். கரப்பான் என்றார் ஒருவர். உடனே கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தப்பட்டன. (கத்தரிக்காய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதைப் பிற்பாடு அறிந்தோம். பாவம், அவருக்குக் கத்தரிக்காய் மிகவும் பிடிக்கும்.) வேப்பிலை அரைத்துப் பூசினோம். ஒன்றும் தணியவில்லை.

பிறகு மருந்துக்கடைக்குப் போய், 'குஜ்லி' என்றோம். கடைக்காரர் நொடிப்பொழுதும் யோசிக்கவில்லை. 'தாத், காஜ், குஜ்லி' என்று படையையும் சொறியையும் அரிப்பையும் ஒரே மூச்சில் சொல்வது இவ்வடபுலத்து வழக்கம். அம்மூன்றுக்கும் சேர்த்து ஒரே களிம்பு. அதை எடுத்து நீட்டினார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இத்தகைய கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு என்னும் வீரியமான மருந்து சேர்ந்திருக்கிறது. டாக்டர் சொல்லாமல் நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துபோகும். அன்று இது எமக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தோமோ என்றால் அதுவும் இல்லை. முறைப்படி போனோம். எடை பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். "வேறு ஏதேனும் தொந்தரவு உண்டா?" என்றும் கேட்டார்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தோம். ஊறலைப் போய் டாக்டரிடம் சொல்வதா என்ற கூச்சம் ஒன்று. சொல்வதற்கு மொழி இல்லாமை மற்றொன்று. குற்றம் எங்களுடையதே.

37ஆம் வாரத்தில் ஓர் இரவு குழந்தையின் அசைவு குறைந்தது. நாம் அன்று இரவுப் பணியில் இருந்தோம். பிள்ளை தூங்குகிறது போலும் என்று எண்ணி, விடியட்டும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். காலையில் ஆஸ்பத்திரியில் கருவி வைத்துப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண் குழந்தை. அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எம்மால் இயலாது.

நமைச்சல்தான் காரணமா? எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அன்று சோதிக்காத இரத்தம் இன்று எப்படி விடை கூறும்? பிரசவமான நாலைந்து நாட்களில் ஊறல் இருந்த இடம் தெரியாமல் போயிற்று என்பது ஒன்றே எங்களுக்குத் தெரியும்.

2012ஆம் ஆண்டின் இறுதியில், இரண்டாம் கர்ப்பத்தின் 30ஆம் வாரத்தில், மறுபடியும் உள்ளங்கை ஊறிற்று. இம்முறை மறுநாளே போனோம். வேற்றூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். வழக்கம்போல் 'குஜ்லி' என்றோம். அந்த அம்மையார் களிம்பு எழுதவில்லை. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு நான்கு கேள்விகள் கேட்டார். எந்த இடத்தில்? எந்த வேளையில்? தோலில் ஏதேனும் கிளம்பியிருக்கிறதா? முன் கர்ப்பத்திலும் இருந்ததா? நான்காம் கேள்விக்கு எம் மனைவியால் விடை சொல்ல முடியவில்லை, அழுதார். அவ்வம்மையார் பொறுத்திருந்து, பிறகு எல்லாவற்றையும் விளக்கினார்.

நம் கல்லீரல் பித்தநீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. அந்நீரில் பித்த அமிலங்கள் உண்டு. கர்ப்ப காலத்தில், அதிலும் பெரும்பாலும் 28ஆம் வாரத்திற்குப் பின், மிகுந்து நிற்கும் ஹார்மோன்களால் சில பெண்களுக்கு இந்தப் போக்கு தடைப்படுகிறது. குடலுக்குப் போக வேண்டிய பித்த அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது. யார்டில் வழி கிடைக்காத சரக்கு வண்டிகள் பிரதான பாதையில் வந்து நிற்பதைப் போல என்று நாம் புரிந்துகொண்டோம். கர்ப்பகாலப் பித்தநீர்த் தேக்கம் என்று இதைக் கூறலாம். டாக்டர்கள் கொலஸ்டாசிஸ் என்பர். தடிப்பு இல்லாத நமைச்சல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மிகுதி, இரவில் மிகக் கொடிது. இவையே இதன் குறிகள். சிலருக்கு உடல் முழுதும் ஊறும். சிறுநீர் கறுத்தும், மலம் வெளுத்தும், கண் மஞ்சளித்தும் காண்பது உண்டு. ஆனால் அவை வந்தால்தான் நோய் என்று காத்திருக்கக் கூடாது. இது குடும்பத்தில் ஓடும் தன்மையுடையது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இருந்தால் இவளுக்கும் வரலாம். இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது, கர்ப்பிணிகள் ஆயிரவரில் 7 பேருக்கு இருந்தது. அங்கே குடியேறிய இந்திய, பாகிஸ்தானிய வழியினரிடையே 12 முதல் 15 பேர் வரை இருந்தது.

சோதனை இரத்தத்தில்தான். கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எல்.எஃப்.டி. என்னும் சோதனை இங்கேயே ஆயிற்று. பித்த அமிலச் சோதனைக்கு இரத்தத்தைப் போபாலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முதல் முறை 8 என்று வந்தது. அது இயல்பான அளவு. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அம்மையார் மட்டும் மகிழவில்லை. நமைச்சல் முன்னே வந்து, இரத்தத்தில் மாறுதல் சில நாள் கழித்துத் தெரிவது உண்டாம்; நமைச்சல் நீடித்தால் திரும்பவும் பார்த்தே தீரவேண்டும் என்றார். பத்து நாள் கழித்து 31. அதற்கடுத்து 52. ஒருமுறை பார்த்து 'ஒன்றுமில்லை' என்று வந்ததும் நாங்கள் வீட்டோடு இருந்திருப்போமாயின்... அதை நினைப்பதில்லை.

நாள் முழுதும் எண்களோடு வாழ்பவராகையால், அந்த 52க்குப் பொருள் என்னவென்று நாம் துருவித் துருவிக் கேட்டோம். இன்று அதற்கு அன்றினும் தெளிவான விடை இருக்கிறது. 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில், பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி ஒரு கணக்கு வெளிவந்தது. ஒற்றைக் கர்ப்பத்தில், பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருப்பின் ஆயிரத்தில் ஒரு குழந்தையே வயிற்றில் இறக்கிறது. இது மற்றக் கர்ப்பங்களை ஒத்ததே. 40 முதல் 99 வரை இருப்பின் ஏறத்தாழ மூன்று. 100ஐத் தொட்டுவிட்டாலோ, ஆயிரத்தில் 34. ஆகவே பெரும்பாலோர்க்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது சோதித்தாலன்றித் தெரியாது. ஊறலின் கடுமையைக் கொண்டு எண்ணை ஊகிக்க இயலாது.

அவ்வம்மையார் அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் மாத்திரையைக் கொடுத்தார். எம் மனைவிக்கு ஊறல் சற்றே குறைந்தது, முற்றும் தீரவில்லை. 2019இல் இங்கிலாந்தில் 605 கர்ப்பிணிகளை வைத்து இம்மாத்திரையைச் சோதித்து, குழந்தையைக் காப்பதில் இது பயன் தரவில்லை என்றும், நமைச்சல் தணிவதும் சிறிதளவே என்றும் கண்டார்கள். இன்றும் சில டாக்டர்கள் கொடுக்கிறார்கள், கொடுத்தால் உண்ணலாம். ஆயினும் மாத்திரை உண்கிறோமே என்று சோதனையை விட்டுவிடலாகாது. குழந்தையைக் காப்பது தக்க வாரத்தில் பிரசவம் பார்ப்பதே. இங்கிலாந்தின் மகப்பேற்று மருத்துவர் ராயல் கல்லூரி 2022இல் வெளியிட்ட நெறிப்படி, எண் 100 அல்லது அதற்கு மேலாயின் 35, 36ஆம் வாரங்களில். 40 முதல் 99 வரையாயின் 38, 39ஆம் வாரங்களில். அதற்குக் கீழாயின் 40ஆம் வாரத்திற்குள். நம் நாட்டில் அவரவர் டாக்டர் அவரவர் நிலை நோக்கி முடிவு செய்வர்.

அந்நாளைய வழக்கத்தை ஒட்டி எங்களுக்கு 37 வாரம் நிறைந்ததும் மருந்து கொடுத்து வலி உண்டாக்கினார்கள். பெண் குழந்தை, 2 கிலோ 600 கிராம். சற்றுமுன் வரவேற்பு நடனத்தில் இடப்புறம் இரண்டாவதாக நின்று, நடுவில் ஓரடி தப்பிவிட்டுச் சிரித்தாளே, அவள்தான்.

இனி அந்த ஏழு வாரத்து இரவுகளை எப்படிக் கழித்தோம் என்பது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதனால் மட்டும் ஊறல் நின்றுவிடாது. இது தோலுக்கு வெளியிலிருந்து வருவதன்று. ஆகையால் பூச்சுகள் சற்றுநேரம் ஆற்றுமே தவிர அறுக்கமாட்டா. வெப்பம் கூடினால் ஊறல் கூடும். வெந்நீர்க் குளியல் அந்த நேரத்திற்குச் சுகமாக இருந்து, பின்பு இரட்டிப்பாக்கும். படுக்கப் போகுமுன் குளிர்ந்த நீரில் குளிப்பார். ஒற்றித் துடைத்து, ஈரம் உலருமுன்பே தேங்காயெண்ணெய் தடவுவோம். மெந்தால் கலந்த குளிர்ச்சியான பூச்சு ஒன்றை டாக்டர் எழுதிக்கொடுத்தார்; அதைக் காலுக்கு மட்டும். பழைய பருத்திப் புடவையே உடுப்பு. நகங்களை நாமே ஒட்ட வெட்டிவிட்டோம். மண்பானைத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து உள்ளங்காலில் சுற்றி, மின்விசிறிக் காற்றில் காட்டினால் ஒரு மணி நேரம் கண்ணயர்வார். துண்டு உலர்ந்ததும் விழிப்பு வரும். மறுபடி நனைக்க வேண்டும். இரவுப் பணி இல்லாத நாளெல்லாம் இது எம் வேலை. பணியில் இருந்த நாட்களில் எம் அன்னையார் செய்தார்கள். சொறியாதே, சொறியாதே என்று அதட்டுவது மட்டும் கூடாது என்பதை நாம் தாமதமாகவே கற்றோம். சொறியாமல் இருக்க முடிந்தால் அவள் இருந்திருக்க மாட்டாளா? சொறிவதற்குப் பதிலாக உள்ளங்கையால் அழுத்தித் தட்டிக்கொடுப்பது ஓரளவு உதவிற்று.

இரவுத் தூக்கம் கெட்டவரைப் பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்கவிட வேண்டும். சமையலை யாராவது பார்த்துக்கொள்ளட்டும். தூக்கத்திற்கு உதவும் மாத்திரை உண்டு. அதையும் டாக்டரே கொடுக்க வேண்டும். வேப்பிலை போட்ட தண்ணீரில் கைகால் கழுவுவதை நாம் குறை கூறோம்; வேப்பங்கொழுந்தை அரைத்துக் கர்ப்பிணிக்கு உள்ளுக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

கர்ப்பத்தில் வரும் ஊறலெல்லாம் இதுவே என்று எவரும் திகிலடைந்துவிட வேண்டாம். வயிறு பெருகும்போது தோல் இழுபட்டு ஊறுவது பலர்க்கும் இயல்பு. வயிற்றில் விழும் கோடுகளின் மேல் சிவந்த தடிப்புகள் கிளம்பித் தொடைக்குப் பரவுவது ஒன்று உண்டு. தலைச்சன் கர்ப்பத்தில் கடைசி வாரங்களில் வரும். கொப்பூழைச் சுற்றி மட்டும் விட்டுவிடும். அதனால் குழந்தைக்குத் தீங்கில்லை. கொப்பூழருகே தொடங்கிக் கொப்புளமாகப் பரவினால் அது வேறு, அரியது, டாக்டர் உடனே பார்க்க வேண்டியது. விரலிடுக்கில் ஊறி, வீட்டில் மற்றவரும் சொறிந்துகொண்டிருந்தால் சிரங்காக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது டாக்டர் வேலை. அவர் பிரித்தறிவதற்கு நாம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

அதற்காகவே, ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் மருமகள்மார்க்கு, வெறும் 'குஜ்லி'யோடு நில்லாமல், இச்சொற்களையும் கூறிவைப்பது நலம். உள்ளங்கை என்பதற்கு 'ஹதேலி'. உள்ளங்கால் என்பதற்கு 'தல்வா'. இரவில் மிகுதி என்பதற்கு 'ராத் கோ ஜ்யாதா'. தடிப்பு ஏதும் இல்லை என்பதற்கு 'தானே நஹீம் ஹைம்'. சோதனையின் பெயர் 'பைல் ஆசிட்'. இன்னும் ஒன்று: 'பச்சா கம் ஹில் ரஹா ஹை', அதாவது குழந்தை குறைவாக அசைகிறது. இதைச் சொல்ல நேர்ந்தால் காலை ஓ.பி. திறக்கும்வரை இருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லவேண்டும். நாங்கள் ஒருமுறை விடியட்டும் என்று இருந்துவிட்டோம்.

பிரசவத்திற்குப் பின் ஊறல் சில நாட்களில் நின்றுவிடும். நான்கு வாரமாவது கழித்து எல்.எஃப்.டி. சோதனையை மறுபடி செய்து, கல்லீரல் பழைய நிலைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். வராவிடில் வேறு நோய் இருக்கிறதா என்று தேடுவர். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வருவதே மிகுதியாகையால் தொடக்கத்திலேயே டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும். சில கருத்தடை மாத்திரைகளாலும் இந்த ஊறல் திரும்புவது உண்டு. அவற்றை வாங்குமுன் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். எம் மனைவியின் தங்கை மதுரையில் இருக்கிறார். அவர் கருவுற்றபோது எங்கள் வீட்டிலிருந்து போன முதல் தொலைபேசிச் செய்தி வாழ்த்தன்று, இதுதான்.

சென்ற ஆண்டு நவராத்திரிக் கொலுவுக்கு வந்த ஓர் இளம்பெண், சுண்டலைக் கையில் வாங்காமல் விரல்களைப் புடவையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு மாதம். "கரப்பானாயிருக்கும்" என்றார் அவளுடைய மாமியார். எம் மனைவி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எப்போதம்மா ஊறுகிறது?" என்றார். "ராத்திரியில்தான் அக்கா" என்றாள் அவள். மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரத்தம் போபாலுக்குப் போயிற்று. இயல்பு. பத்து நாள் கழித்து மறுபடி. மீண்டும் இயல்பு. வறண்ட தோல்தான்; எண்ணெய் தடவத் தடவச் சரியாகிவிட்டது. "இதற்காகவா இத்தனை அலைச்சலும் செலவும்?" என்று அவள் மாமியார் சற்றே முணுமுணுத்தார்கள். எம் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அன்றிரவு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

மேலே கூறிய இந்திச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிச் சிறு சீட்டுகளாக வாயில் மேசைமேல் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். எம்மிடம் கேட்கக் கூச்சப்படுவோர் மூன்றாவது வரிசையில் கேட்கலாம். இலை போட்டாயிற்று என்று செயலாளர் சாடை காட்டுகிறார். சாம்பார் வாளி எமக்காகக் காத்திருக்கிறது.